சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும்: நம் அரசியல் கருத்துகள் உருவாகும் விதம்

ஒரே வாரத்தில் ஒரே விஷயத்துக்கு இரண்டு பதில் சொன்னேன். இரண்டையும் மனதார நம்பித்தான் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா மகள் வந்திருந்தாள். இங்கே சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் படிக்கிறாள். கட்டுரை ஒன்றுக்காக, "சித்தி, அடுக்குமாடி வீடுகள்ல இன விகிதம் வச்சிருக்காங்களே, அது சரின்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டாள். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், அதாவது புளோக்கில், எந்த இனத்தவர் எவ்வளவுவரை இருக்கலாம் என்று அரசாங்கம் வைத்திருக்கும் உச்ச அளவைத்தான் சொன்னாள். "சரிதான்மா. அது இல்லன்னா நாம ஒரு பக்கம், மலாய்க்காரங்க ஒரு பக்கம், சீனர்கள் ஒரு பக்கம்னு தனித்தனியா போயிருப்போம்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

சனிக்கிழமை மின்தூக்கி அருகே எதிர்வீட்டு அண்ணனைப் பார்த்தேன். வீட்டை விற்றுவிட்டு மகன் வீட்டுக்கு அருகே போகப் பார்க்கிறார். எங்கள் புளோக்கில் சீனர்களுக்கான அளவு நிறைந்துவிட்டதால், இந்தியரான அவர் சீனர் அல்லாதவருக்குத்தான் விற்க முடியும். வாங்குவதற்கு ஆள் குறைந்தால் விலையும் இறங்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். "அது நியாயமில்லையே அண்ணே" என்றேன். அதற்கும் யோசிக்கவில்லை.

வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. இதில் எது என் கருத்து?

இரண்டும்தான். இப்படி ஒருவர் இரண்டு பக்கமும் பேசினால் நாம் உடனே "வாய்க்கு வந்ததைப் பேசுறார்" என்போம். ஆனால் அரசியல் உளவியல் படித்தவர்கள், மனிதர்கள் பெரும்பாலும் இப்படித்தான் என்கிறார்கள். அது ஏன் என்பதை, இதைப் பற்றி முன்பின் படிக்காதவருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல். மனப்பாங்கு. ஓர் ஆளையோ கொள்கையையோ நமக்குப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா, எவ்வளவு என்ற சாய்வுதான் மனப்பாங்கு. அதில் அறிவு இருக்கும், உணர்ச்சி இருக்கும், பழக்கமும் இருக்கும். அரசியல் மனப்பாங்கு என்றதும் கட்சியையும் தேர்தலையும் மட்டும் நினைக்க வேண்டாம். பொருள் சேவை வரி 9 விழுக்காடானது சரியா, வெளிநாட்டு ஊழியர்கள் எத்தனை பேர் வரலாம், வயதான பெற்றோரின் மருத்துவச் செலவில் அரசாங்கத்தின் பங்கு எவ்வளவு, மரண தண்டனை வேண்டுமா என்று நாம் காப்பிக்கடையில் பேசும் பாதி விஷயம் இதுதான்.

இந்த மனப்பாங்குகள் மனத்துக்குள் அலமாரிப் புத்தகம்போல அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன, யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுகிறோம் என்றுதான் நாம் நினைக்கிறோம். 1964இல் பிலிப் கான்வர்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் இந்த நினைப்பை ஆட்டிப்பார்த்தார். 1956, 1958, 1960 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அதே ஆட்களிடம் அதே கேள்விகளைக் கேட்ட ஆய்வு ஒன்று இருந்தது. அதை அலசியபோது, பலருடைய பதில்கள் இப்படியும் அப்படியுமாக, காசு சுண்டிப் போட்டதுபோல மாறியிருந்தன. பலருக்குப் பல விஷயங்களில் உண்மையில் கருத்தே இல்லை, கேட்டதற்காக ஏதோ சொல்கிறார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

எனக்கு அது கொஞ்சம் கடுமையாகவே படுகிறது. 1992இல் ஜான் ஸாலர் சொன்னதைத்தான் நான் அதிகம் ஏற்கிறேன். மக்களிடம் கருத்து இல்லாமல் இல்லை, அளவுக்கு மேல் இருக்கிறது என்றார் அவர். ஒரே விஷயத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான பத்துப் பதினைந்து எண்ணங்கள் நமக்குள் கிடக்கின்றன. ஒருவர் கேட்கும் நேரத்தில் மேலே மிதப்பது எதுவோ அதை அள்ளிக் கொடுக்கிறோம். சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது இதற்கும் அப்படியே பொருந்தும். அக்கா மகள் கேட்டபோது என் அகப்பையில் ஒற்றுமை வந்தது. அண்ணன் பேசியபோது விலை வந்தது. சட்டி ஒன்றுதான்.

அப்படியானால் சட்டிக்குள் என்ன விழுகிறது, எப்போது விழுகிறது?

முதலில் போடுவது வீடு. 1965இல் கென்ட் ஜென்னிங்ஸும் ரிச்சர்ட் நீமியும் அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டு மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் தனித்தனியே கேட்டு ஒப்பிட்டார்கள். எந்தக் கட்சி 'நம்ம கட்சி' என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நன்றாகவே இறங்கியிருந்தது. ஆனால் தனித்தனிப் பிரச்சினைகளில் இருவர் கருத்துக்கும் ஒற்றுமை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அதாவது வாதங்கள் அவ்வளவாக இறங்குவதில்லை. நாம் யார், நம்மவர் யார் என்பது இறங்குகிறது. அதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதும் இல்லை. தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது அப்பா எந்த முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார், அம்மா எந்தப் பேச்சு வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போகிறார் என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதுவே பாடம்.

அப்புறம் வயது. பதினேழு, பதினெட்டில் தொடங்கி இருபதுகளின் நடுப்பகுதிவரை பார்த்தது, பட்டது எல்லாம் மனத்தில் ஆழமாகப் படிகிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த ஒன்று. 1930களில் தியடோர் நியூகோம்ப் என்பவர் பென்னிங்டன் என்ற பெண்கள் கல்லூரியில் இதைப் பார்த்தார். வசதியான, பழமைப் பிடிப்புள்ள குடும்பங்களிலிருந்து வந்த மாணவிகள், முற்போக்கான அந்தக் கல்லூரியில் படித்த சில ஆண்டுகளில் தாங்களும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சரி, வீட்டுக்குப் போனதும் பழையபடி மாறிவிடுவார்கள் என்று நினைக்கலாம். 1960களில் அவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டபோது பெரும்பாலானவர்கள் மாறியிருக்கவில்லை. கல்லூரிக் காலத்துக் கருத்துக்கு ஒத்த கணவரையும் நண்பர்களையும் தேடிக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். பிடித்த கருத்தைக் காத்துவைக்க அதற்கேற்ற வீட்டையே அமைத்துக்கொள்கிறோம்.

சிங்கப்பூரில் மூன்று தலைமுறையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். 1964இல் ஜூலையிலும் செப்டம்பரிலும் இனக் கலவரம் நடந்தது. ஊரடங்கு போட்டார்கள். அப்போது பதினெட்டு வயதில் இருந்தவர், இனத்தைப் பற்றி யாராவது குரலை உயர்த்தினால் இன்றைக்கும் எழுந்து கதவைச் சாத்துவார். 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்ளப்போவதாக அறிவித்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த நம்மவர்கள், தமிழரும் மலையாளிகளும், ஏராளம். 1971க்குள் அந்த வேலைகள் போகும் என்று கேட்டபோது இருபது வயதில் இருந்தவருக்கு, அரசியல் என்றால் முதலில் வேலைதான். 2020இல் இருபது வயதான பிள்ளைகளோ கொவிட் காலத்தில் வீட்டில் அடைபட்டு, வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் தொற்று பரவியதை நாள்தோறும் எண்ணிக்கையாகப் பார்த்தவர்கள். 'வெளிநாட்டு ஊழியர்' என்ற ஒரே சொல் இந்த மூவரின் சட்டியிலும் மூன்று வேறு பொருளாகக் கிடக்கிறது. குடும்பச் சாப்பாட்டு மேசையில் வரும் சண்டைகளில் பாதி, மற்றவர் சட்டியில் கிடப்பது நமக்குத் தெரியாததால் வருவது என்றே நான் நினைக்கிறேன். தாத்தாவுக்கு அறிவில்லை என்றோ பேத்திக்கு அனுபவமில்லை என்றோ அதற்குள் முடிவுகட்டிவிடுகிறோம்.

அடுத்தது அகப்பை. கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறதோ அதற்கேற்ப அது வேறு வேறு இடத்தில் முங்குகிறது. 1941இல் வெளியான பழைய அமெரிக்கச் சோதனை ஒன்று உண்டு. மக்களாட்சிக்கு எதிரான மேடைப் பேச்சுகளை 'அனுமதிக்கலாமா' என்று கேட்டபோது 62 விழுக்காட்டினர் கூடாது என்றார்கள். அதையே வேறொரு குழுவிடம் 'தடை செய்ய வேண்டுமா' என்று கேட்டபோது 46 விழுக்காட்டினர்தான் ஆம் என்றார்கள். அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் ஒன்றுதானே? நடப்பில் ஒன்றுதான். ஆனால் 'தடை' என்ற சொல் கையில் பிரம்போடு வருகிறது. அதைக் கேட்டதும் மனம் பின்வாங்குகிறது.

1981இல் அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் இதை எண்களால் காட்டினார்கள். 600 பேரைக் கொல்லக்கூடிய நோய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திட்டத்தில் 200 பேர் நிச்சயம் பிழைப்பார்கள். இன்னொன்றில் எல்லாரும் பிழைக்க மூன்றில் ஒரு வாய்ப்பு, ஒருவரும் பிழைக்காமல் போக மூன்றில் இரண்டு வாய்ப்பு. கேட்கப்பட்ட மாணவர்களில் 72 விழுக்காட்டினர் நிச்சயமானதை எடுத்தார்கள். வேறொரு குழுவிடம் அதே கணக்கைத் திருப்பி, முதல் திட்டத்தில் 400 பேர் நிச்சயம் சாவார்கள், இரண்டாவதில் ஒருவரும் சாகாமல் இருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு என்று சொன்னபோது 78 விழுக்காட்டினர் இரண்டாவதற்குப் போனார்கள். பிழைப்பவரும் சாகிறவரும் இரண்டிலும் அதே எண்ணிக்கைதான். பிழைப்பு என்று சொன்னால் கையில் இருப்பதைப் பிடித்துக்கொள்கிறோம். சாவு என்று சொன்னால் துணிந்துவிடுகிறோம். அரசியல்வாதிகளும் செய்தித் தலைப்பு எழுதுபவர்களும் விளம்பரக்காரர்களும் சொல்லை ஏன் அவ்வளவு பார்த்துப் பொறுக்குகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சொல்லைவிட வலுவான ஒன்று இருக்கிறது. அதுதான் 'நம்மவர்'.

ஹென்றி தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மானியரிடம் பிடிபட்டார். போர் முடிந்து திரும்பியபோது குடும்பத்தில் பெரும்பாலானோர் உயிரோடு இல்லை. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை எப்படி வெறுக்கத் தொடங்குகிறது என்ற கேள்வி அவருக்குப் படிப்பறைக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களை அழைத்து, இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யாருக்கு யார் படம் பிடித்தது என்பதை வைத்துக் குழு பிரிப்பதாகச் சொன்னார். உண்மையில் குருட்டாம்போக்கில்தான் பிரித்தார். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசவும் இல்லை. பிறகு முகம் தெரியாத இருவருக்குச் சிறு தொகையைப் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னார். தன் குழுவைச் சேர்ந்தவருக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதுமட்டுமில்லை, தன் குழுவுக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிட வித்தியாசம் பெரிதாக இருக்கட்டும் என்றும் பலர் பங்கிட்டார்கள். இடையில் பழைய பகை எதுவும் கிடையாது. ஒரு பெயர்ச்சீட்டு போதுமாக இருந்தது. இதைப் படித்த அன்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

2003இல் ஜெஃப்ரி கோஹன் இதைக் கொள்கைகளோடு சேர்த்துப் பார்த்தார். அமெரிக்க மாணவர்களிடம் ஏழைகளுக்கு உதவும் திட்டம் ஒன்றைக் கொடுத்தார். சிலருக்குத் தாராளமான திட்டம், சிலருக்குக் கறாரானது. உங்கள் கட்சி இதை ஆதரிக்கிறது என்று சொன்னால் அந்தக் கட்சிக்காரர்கள் அதை ஆதரித்தார்கள், உள்ளே என்ன எழுதியிருந்தாலும் சரி. ஆனால் கேட்டபோது, திட்டத்தைப் படித்துத்தான் முடிவு செய்தேன் என்றே சொன்னார்கள். பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பினார்கள்.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான். நாம் முடிவுக்கு வந்த வழி நமக்கே தெரிவதில்லை. சுவீடனில் 2010 பொதுத் தேர்தலுக்கு முன் லார்ஸ் ஹால், பெட்டர் யோஹான்சன் ஆகியோரின் குழு தெருவில் போவோரிடம் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தது. வரி, குற்றம், வேலையில்லாதோர் உதவித்தொகை போன்றவற்றில் இடதுசாரிக்கும் வலதுசாரிக்கும் வேறுபாடான விஷயங்கள். அவர்கள் குறித்துக் கொடுத்த பிறகு, கண்கட்டு வித்தைக்காரரைப்போலச் சில பதில்களை மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டு, இப்படிக் குறித்திருக்கிறீர்களே, ஏன் என்று கேட்டார்கள். மாற்றப்பட்ட பதில்களில் 22 விழுக்காட்டைத்தான் கண்டுபிடித்தார்கள். மற்றவற்றுக்கு, தாங்கள் தேர்ந்தெடுக்காத பதிலுக்கு, நல்ல நல்ல காரணங்களாகச் சொன்னார்கள். மொத்தக் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டியதை 92 விழுக்காட்டினர் தங்கள் நிலைப்பாடாகவே ஏற்றார்கள். முடிவு முன்னால் போகிறது, காரணம் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொள்கிறது.

படித்தவர்களுக்கு இது நேராது என்று நினைப்பதற்கும் இடமில்லை. 1979இல் சார்ல்ஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்களுக்கும் எதிர்க்கும் மாணவர்களுக்கும் அதே இரண்டு ஆய்வுகளைக் காட்டினார்கள். தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்றது ஒன்று, குறைக்கவில்லை என்றது மற்றது. தனக்குச் சாதகமான ஆய்வு நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது என்றும், மற்றதில் ஓட்டை இருக்கிறது என்றும் இரு தரப்புமே சொன்னது. படித்து முடித்தபோது, முன்னைவிடத் தாங்கள் உறுதியாகிவிட்டதாகவும் சொன்னார்கள். படிப்பு ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கண்ணைத் தருகிறது. அந்தக் கண்ணை யார் பக்கம் திருப்புவது என்பதை வேறு ஏதோ ஒன்று தீர்மானிக்கிறது.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செய்தவை என்பதை மறக்கக்கூடாது. இரண்டு பெரிய கட்சிகள் நாட்டைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டிருக்கும் இடத்தில் கண்டதை, 21 வயதான குடிமக்கள் எல்லாரும் வாக்களித்தாக வேண்டிய, 1959இலிருந்து ஒரே கட்சி ஆட்சியில் இருக்கும் நம் ஊருக்கு அப்படியே தூக்கிவைக்க முடியாது. இங்கே 'நம்மவர்' என்பது கட்சியைவிட இனமாகவோ மொழியாகவோ தலைமுறையாகவோ படித்த பள்ளியாகவோ இருக்கலாம். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், அண்மையில் இந்தியாவிலிருந்து வந்த தமிழர் என்று நமக்குள்ளேயே ஓடும் கோட்டை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கோட்டின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு வெளிநாட்டவர் பற்றிய கொள்கையைப் பேசும்போது, பேசுவது கொள்கையா கோடா என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

பேசாமல் இருப்பதும் ஒரு காரணம். தன் கருத்துக்காரர்கள் குறைவு என்று தோன்றினால் மனிதர் வாயை மூடிக்கொள்கிறார், அவர் மூடியதால் அந்தக் கருத்து இன்னும் குறைவாகத் தெரிகிறது, அதைப் பார்த்து அடுத்தவரும் மூடிக்கொள்கிறார் என்று 1974இல் எலிசபெத் நோயல்-நாய்மன் எழுதினார். மௌனச் சுழல் என்று அதற்குப் பெயர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேர் மட்டுமே அரசியல் பேச, மற்ற இருபது பேரும் கைகூப்பும் படம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

சரி, இதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறதா? முழுதாக இல்லை. ஆனால் ஒரு சின்ன வழியை நானே முயன்று பார்த்தேன். 2013இல் ஃபிலிப் ஃபெர்ன்பாக்கும் அவர் குழுவினரும் ஒரு கொள்கையை ஏன் ஆதரிக்கிறீர்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, அது எப்படி வேலை செய்கிறது, படிப்படியாகச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். ஏன் என்று கேட்டால் காரணங்கள் கொட்டுகின்றன, அதைத்தான் பார்த்தோமே. எப்படி என்று கேட்டால் வாய் தடுமாறுகிறது. தனக்குத் தெரியும் என்று நினைத்த அளவுக்குத் தெரியவில்லை என்பது புரிகிறது. அவர்கள் சோதனையில் கருத்தின் வேகமும் தணிந்தது. பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது வேகம் தணிவது எப்போதும் தெரியவில்லை. தெரியும் என்ற நினைப்பு குறைவது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளை மறுபடி வரச்சொல்லி, என் இரண்டு பதில்களையும் அவளிடம் சொன்னேன். "அப்ப நீங்க எந்தப் பக்கம் சித்தி?" என்றாள். "அதை விடு. இது எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு பேரும் எழுதிப் பார்ப்போம்" என்றேன்.

எழுதினோம். 1989 மார்ச்சில் தொடங்கியது. ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்ச அளவு. அந்த அளவு நிறைந்தால் அந்த இனத்தவர் வேறு இனத்தவரிடம் வாங்க முடியாது, தன் இனத்தவரிடம் வாங்கலாம். இதுவரை கை நிற்காமல் ஓடியது. அதனால் பல இனத்தாரும் ஒரே மாடியில் இருக்கிறார்கள். அதனால் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அதனால்... இங்கே நின்றுவிட்டோம். பார்ப்பதிலிருந்து நம்புவதற்கு எப்படிப் போவது?

கார்டன் ஆல்போர்ட் 1954இல் இதற்குச் சில நிபந்தனைகள் சொன்னார் என்று அவளுக்குச் சொன்னேன். பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. சம நிலையில் இருக்க வேண்டும், இருவருக்கும் பொதுவான நோக்கம் வேண்டும், சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மேலிருப்பவர்கள் அதை ஆதரிக்க வேண்டும். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் இந்த நான்கும் இருக்கிறது என்று அவள் உடனே சொன்னாள், தன் அண்ணன் அதில் இருந்ததைப் பார்த்தவள். மின்தூக்கியில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோம்.

பிறகு அவள் கேட்டாள், எங்கள் மாடியில் இருக்கும் நான்கு வீட்டாரோடும் சேர்ந்து கடைசியாக என்ன வேலை செய்தீர்கள் என்று. தீபாவளிக்கு முறுக்கு கொடுப்பேன், சீனப் புத்தாண்டுக்குக் கமலாப்பழம் வரும், நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் வரும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அதெல்லாம் கொடுப்பதும் வாங்குவதும்தானே என்றாள். அப்போது 2020 நினைவுக்கு வந்தது. அவசியத் தேவைக்கு மட்டுமே வெளியே போக முடிந்த அந்த இரண்டு மாதத்தில், கடைசி வீட்டுச் சீனப் பாட்டிக்கு நானும் எதிர்வீட்டு அண்ணனும் மலாய்க்கார அக்காவும் முறை வைத்துச் சாமான் வாங்கிக் கொடுத்தோம். அதற்குமுன் பத்து ஆண்டுகளாகப் பார்த்தால் தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள்.

அவள் அதை மூன்றாவது படியில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். நான்காவது படியில் அண்ணன் வீட்டு விலையை எழுதினாள்.